சாயச் சாலையிலிருந்து மருத்துவமனைக்கு

மும்பைப் பல்கலைக்கழகத்தின் வேதித் தொழில்நுட்பத் துறை 1933-இல் தொடங்கப்பெற்றது. துணி ஆலைகளுக்கு வேண்டிய சாய வேதியியல் அங்குச் சிறப்பாக வளர்ந்தது. 1938-இல் அதன் முதல் இந்திய இயக்குநரான கே. வெங்கட்டராமன் சென்னையிற் பிறந்தவர். செயற்கைச் சாயங்கள் குறித்து 1952 முதல் வெளிவந்த அவருடைய பெருநூலை உலகெங்கும் வேதியியலார் பயின்றனர்.

சாயம் ஒளியை உறிஞ்சும் பொருள். அவ்வொளியைக் கொண்டே உயிரணுவை அழிக்கவும் கூடும். அக்ரிடின் சாயம் கலந்த நீரில் பாரமீசியம் என்னும் ஓரணுவுயிர் வெளிச்சத்தில் விரைந்து மடிவதை மூனிக் நகர மாணவர் ஆஸ்கர் ராப் 1900-இல் வெளியிட்டார். சாயம், தான் பெற்ற ஆற்றலை அருகிலுள்ள ஆக்சிஜனுக்கு அளிக்கிறது. கிளர்வுற்ற ஆக்சிஜன் உயிரணுவைச் சிதைக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறுகியதாதலால், தோன்றிய இடத்தை விட்டு அது வெகுதூரம் செல்வதில்லை. ஒளி படாத உறுப்புகள் தப்புகின்றன.

1993-இல் கனடா ஏற்ற போட்டோஃபிரின் 630 நானோமீட்டர்ச் செவ்வொளியில் செயற்படுவது. ஆனால் அது தோலிலும் தங்கிவிடுவதால், நோயாளி குறைந்தது 30 நாள் நேர்வெயிலைத் தவிர்க்க வேண்டும். தாராவியின் கும்பார்வாடாவில் மட்கலங்களை வெயிலில் உலர்த்தும் குயவர் ஒருவருக்கு இது ஒரு மாதக் கூலியிழப்பாகும். இதனை வெறும் பக்க விளைவு என்று ஒதுக்குதல் பொருந்தாது. நம் நாட்டில் மருந்தின் தகுதியை உறுதி செய்வதே இதுதான் எனலாம்.

எனவே வேதியியலார் தேடுவது, நீண்ட அலைநீளத்தை நன்கு உறிஞ்சி, பணி முடிந்ததும் உடலை விட்டு விரைவில் நீங்கும் சேர்மம். வண்ணப்பூச்சுகளில் நாம் காணும் நீலநிறத் தாலோசயனின் 670 நானோமீட்டரை ஒட்டி வலுவாக உறிஞ்சும். ஆனால் நீரிற் கரையாது. அதனுடன் சல்போனிக் அமிலத் தொகுதிகளை இணைத்துக் கரையச் செய்யலாம். இது சாயத் தொழிலார் நெடுங்காலமாக அறிந்த முறையே. மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் மட்டும் பயனற்றுப் போகும். பச்சையத்திலிருந்து பெறும் குளோரின் வகைகள் (கிருமி நீக்கும் குளோரின் வாயு அன்று) விரைவில் நீங்குகின்றன. அவற்றுள் ஒன்றான தாலபோர்ஃபினை ஜப்பான் 2003-இல் நுரையீரல் புற்றுக்கு ஏற்றது. வெயிற்கட்டுப்பாடு 2 வாரமே. இந்தூரிலுள்ள ராஜா ராமண்ணா மையத்தாரும் பசலைக் கீரையிலிருந்து இவ்வகைச் சேர்மம் ஒன்றைப் பிரித்து ஆராய்ந்துள்ளனர்.

புகையிலையால் வரும் வாய்ப்புற்று நம் நாட்டில் மிகுதி. வாயின் உட்புறத்தில் அது மெல்லிய படலமாய் இருக்கும்போது ஒளி எளிதில் எட்டும். செவ்வொளி தசையில் சில மில்லிமீட்டர் ஆழமே நன்கு ஊடுருவும். கழுத்து நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய்க்கு அறுவை, கதிர், மருந்துச் சிகிச்சைகளையே நாட வேண்டியுள்ளது.