ஜவுளிக் கடைக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, மாலை ஏழு மணி. ஒரு மாடி ஜவுளிக் கடையில் கூட்டம் நெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். திடீரென்று கடை இருண்டுவிடுகிறது. ஆனால் மின்விசிறிகள் சுற்றுகின்றன. பில் போடும் இயந்திரங்களும் இயங்குகின்றன. லிஃப்ட் மட்டும் ஆட்களோடு பாதி வழியில் நிற்கிறது. மெயின் போர்டைத் திறந்து பார்த்தால், மூன்று பியூஸ்களில் ஒன்று மட்டும் உருகியிருக்கிறது. ஏன் ஒன்று மட்டும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

கடையில் உள்ள கருவிகள் இவை: 20 வாட் குழல் விளக்குகள் 60, ஆக 1200 வாட். பெயர்ப் பலகைக்கு 450. 75 வாட் மின்விசிறிகள் 30, ஆக 2250. ஏ.சி. நான்கு, ஒன்றுக்கு 1800 வீதம் 7200. பில் இயந்திரங்களுக்கு 1500. தண்ணீர் பம்புக்கு 1000. லிஃப்ட் மோட்டார் 5 குதிரைத் திறன். ஒரு குதிரைத் திறன் 746 வாட். ஆகவே மோட்டார் தருவது 3730 வாட். உராய்விலும் வெப்பத்திலும் கொஞ்சம் வீணாவதால், அது வாங்கிக்கொள்வது சுமார் 4400 வாட். எல்லாவற்றையும் கூட்டினால் 18,000 வாட், அதாவது 18 கிலோவாட். இதுவே இணைக்கப்பட்ட மின்பளு.

இவை அனைத்தும் ஒரே நேரத்தில் ஓடுமா? வீட்டில் ஓடாது. மிக்சி ஓடும்போது இஸ்திரிப் பெட்டி பெரும்பாலும் சும்மா இருக்கும். கடையோ அப்படியல்ல, கூட்ட நேரத்தில் ஏறக்குறைய எல்லாமே ஓடும். பம்பைக் காலையிலேயே ஓட்டிவிடலாம். ஏ.சி. ஓடும்போது பாதி விசிறிகள் போதும். பில் இயந்திரங்களுக்கு ஐந்தில் நான்கு பங்கு என்று கொள்ளலாம். மற்றவற்றில் கை வைக்கக் கூடாது. இப்படிக் கழித்தால் உச்சத் தேவை 15,575 வாட். 15,600 என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஆம்பியர். ஒருமுனை மின்சாரமானால் வாட்டை, வோல்ட்டையும் திறன் காரணியையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். 230 வோல்ட், திறன் காரணி 0.85 என்றால் 80 ஆம்பியர் வருகிறது. இதற்குத் தடித்த கம்பி வேண்டும். மும்முனை மின்சாரத்தில் 400 வோல்ட், கூடவே 1.732 ஆலும் பெருக்கிக்கொள்ள வேண்டும். விடை, ஒவ்வொரு முனையிலும் 26.5 ஆம்பியர்தான். 32 ஆம்பியர் பியூஸ் தாராளமாகப் போதும்.

பிறகு ஏன் உருகியது? பளு மூன்று முனைகளுக்கும் சமமாகப் பிரிந்திருந்தால்தான் 26.5 என்ற கணக்கு பொருந்தும். வயரிங் செய்தவர், பக்கத்தில் இருந்த வசதிக்காக, நான்கு ஏ.சி.யையும் எல்லா விளக்குகளையும் பெயர்ப் பலகையையும் ஒரே முனையில் கொடுத்துவிட்டார். அந்த 8850 வாட்டுக்கு 45.3 ஆம்பியர். லிஃப்டின் மூன்றில் ஒரு பங்கு 7.5. ஆக அந்த முனையில் 53 ஆம்பியர்! மின்னோட்டம் இரு மடங்கானால் கம்பியில் தோன்றும் வெப்பம் நான்கு மடங்காகும் என்பது ஜூல் விதி. பியூஸ் உருகியதே நல்லதாயிற்று. அதற்குப் பதில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றியிருந்தால், சுவருக்குள் இருக்கும் வயர் எரிந்திருக்கும். ஒரு முனை போனதும் லிஃப்டின் பாதுகாப்புக் கருவி மோட்டாரை நிறுத்திவிட்டது. இல்லாவிட்டால் மீதி இரண்டு முனைகளிலும் அதிக மின்னோட்டம் இழுத்து மோட்டார் கருகியிருக்கும்.

பரிகாரம் எளிது. முதல் முனைக்கு இரண்டு ஏ.சி.யும் ஆறு விளக்குகளும். மற்ற இரண்டுக்கும் ஒவ்வொரு ஏ.சி. மீதி விளக்குகளையும் விசிறிகளையும் பில் இயந்திரங்களையும் அந்த இரண்டு முனைகளுக்கும் பகிர்ந்து கொடுக்கலாம். ஒரு பியூஸ் போனாலும் கடை முழுவதும் இருளாது.

உங்களுக்கு ஒரு கணக்கு: அடுத்த ஆண்டு முதலாளி இன்னும் இரண்டு ஏ.சி. வாங்குகிறார். ஆறையும் எப்படிப் பிரிப்பீர்கள்? அந்த 32 ஆம்பியர் பியூஸ் அப்போதும் தாங்குமா?