ஒரு நிலையம், இரண்டு நாடுகள்

அன்புள்ள மருமகனுக்கு,

சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தைப் பேருந்திலிருந்து பார்த்ததாக எழுதி, பயணிகள் வராமல் போனதால்தான் மூடிவிட்டார்களா என்று கேட்டிருந்தாய். இல்லை, கடைசி இரவில்கூட அங்கே கூட்டம் நெரிந்தது. அதை மூடவைத்தது நில உரிமை.

முகப்பை இன்னொரு முறை நிமிர்ந்து பார். வேளாண்மை, வணிகம், போக்குவரத்து, தொழில் ஆகியவற்றைக் குறிக்கும் நான்கு பளிங்கு உருவங்கள் தெரியும். அவற்றில் எஃப், எம், எஸ், ஆர் என்ற எழுத்துகள் இருக்கும். மலாய்க் கூட்டு மாநிலங்களின் ரயில்வேயைக் குறிப்பவை அவை. சிங்கப்பூருக்கு அந்தப் பெயரில் இடமில்லை. 1918-இல் இத்தீவின் ரயில்வே அந்த நிர்வாகத்தின் கைக்குப் போனது. ரயில்வே நிலத்தின் பெரும்பகுதியும் 999 ஆண்டுக் குத்தகையில் அதனுடன் போனது. அப்போது எல்லாமே பிரிட்டிஷ் ஆட்சி. அதனால் யாரும் கவலைப்படவில்லை.

1932-இல் நிலையம் திறந்தபோது துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். ரப்பரும் வெள்ளீயமும் கப்பலேற வேண்டுமே! உள்ளே சுவர் ஓவியங்களிலும் ரப்பர் மரமும் வெள்ளீயச் சுரங்கமும் உண்டு. அந்த ரயில்வேயின் எழுத்தர்களிலும் நிலைய அதிகாரிகளிலும் யாழ்ப்பாணத்தார் பலர். தண்டவாளத்தில் பாடுபட்டவர்களில் தமிழகத்திலிருந்து போனவர்கள் பலர். நம் ஆட்களின் உழைப்பை அந்த ஓவியங்களில் தேடிப் பார் என்பேன்.

1965-இல் சிங்கப்பூர் தனி நாடானது. நகரின் நடுவே இருந்த நிலையமும், அங்கிருந்து வடக்கே உட்லண்ட்ஸ் வரை நீளும் தண்டவாள நிலமும் மலேசிய ரயில்வேயிடமே இருந்தன. 1990-இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் இயூவும் மலேசிய நிதியமைச்சர் டாயிம் சைனுதீனும் நிலையத்தைத் தஞ்சோங் பகாரிலிருந்து மாற்ற ஒப்பந்தம் செய்தார்கள். ஆனால் எப்போது இடம் மாறுவது என்பதில் இரு தரப்பும் வேறு வேறு பொருள் கொண்டன. 1998-இல் சிங்கப்பூர் தன் குடிநுழைவுச் சோதனையை உட்லண்ட்ஸுக்கு மாற்றியது, மலேசியா மாற்றவில்லை. விளைவு என்ன தெரியுமா? பயணி முதலில் மலேசியச் சோதனையை முடித்துவிட்டு ரயிலேறுவார், பிறகுதான் சிங்கப்பூரை விட்டு வெளியேறும் சோதனை! பதின்மூன்று ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது.

2010-இல் இரு நாட்டுப் பிரதமர்களாக இருந்த லீ சியன் லூங்கும் நஜிப் ரசாக்கும் முடிச்சை அவிழ்த்தார்கள். ரயில்வே நிலத்துக்கு ஈடாக மரினா சவுத்திலும் ஓஃபிர்-ரோச்சோரிலும் நிலம். அங்கே கட்டடம் எழுப்பும் நிறுவனத்தில் மலேசியாவுக்கு 60 விழுக்காடு, சிங்கப்பூருக்கு 40. இது எனக்குப் பிடித்த தீர்வு. சண்டையிட்ட இருவரும் கூட்டாளிகளானார்கள். 2011 ஜூன் 30 இரவு, கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றார். அதற்கு முன்பே, அதே ஆண்டு ஏப்ரலில், கட்டடம் தேசிய நினைவுச் சின்னமாகிவிட்டது. அதனால்தான் இடிக்கவில்லை.

நேரம் கிடைத்தால் அதே பாதையில் இருந்த புக்கிட் தீமா நிலையத்துக்கும் போ. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே ரயில்கள் மோதாதிருக்க, ஓட்டுநர் கையில் ஓர் அடையாளச் சாவி இருக்க வேண்டும். அது இல்லாமல் அடுத்த பகுதிக்குள் நுழையக் கூடாது. ஒரு பகுதிக்கு ஒரு நேரத்தில் ஒரே சாவிதான் இயந்திரத்திலிருந்து வெளியே வரும். அதை வளையத்தில் மாட்டி, கையால் கொடுத்து வாங்கும் வழக்கம் அங்கே 2011 வரை இருந்தது. பழைய தண்டவாளப் பாதை இப்போது நடைபாதை. தண்ணீர் எடுத்துக்கொண்டு காலையிலேயே கிளம்பு.

அன்புடன்,
மாமா