நம்பிக்கைகளும் உண்மைகளும்: கரை தாண்டிய ஆற்றை அளப்பது எப்படி?

2024 டிசம்பர் தொடக்கத்தில், ஃபெஞ்சல் புயலின்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது. கீழே, தென்பெண்ணையாற்றின் சாத்தனூர் அணையிலிருந்து நொடிக்கு 1,68,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். தென்பெண்ணையில் வெள்ளம் என்றால் கம்பைநல்லூர் டீக்கடையிலும் "எத்தனை ஆயிரம் கன அடி?" என்பதுதான் பேச்சு. அந்தப் பேச்சில் வழக்கமாக நுழையும் சில தப்புக் கணக்குகள்:

நம்பிக்கை: ஆழம் இரு மடங்கானால் ஓட்டமும் இரு மடங்கு.
உண்மை: ஆழம் கூடினால் வேகமும் கூடும். ராபர்ட் மானிங் 1889-இல் முன்வைத்த சூத்திரப்படி, அகன்ற ஆற்றில் ஓட்டம் மூன்று மடங்கைத் தாண்டிவிடும்.

நம்பிக்கை: மிதந்து போகும் தேங்காய் மட்டையின் வேகமே ஆற்றின் வேகம்.
உண்மை: தரையை உரசிப் போகும் அடிநீர் மெதுவானது. மட்டையின் வேகத்தைச் சுமார் 0.85-ஆல் பெருக்கினால்தான் சராசரி கிடைக்கும்.

நம்பிக்கை: வயல்வரை பரந்தால் அத்தனையும் பாய்கிற தண்ணீர்.
உண்மை: கரும்பும் வேலிக்காத்தானும் தண்ணீரைப் பிடித்து நிறுத்தும். மானிங் சூத்திரத்தில் இந்தத் தடையைக் குறிக்கும் சொரசொரப்பு எண் மணற்படுகைக்குச் சுமார் 0.03, அடர்ந்த புதருக்கு 0.1. ஆழமும் சரிவும் ஒன்றாகவே இருந்தாலும் புதரில் வேகம் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. வயலிலோ ஆழமும் குறைவு.

நம்பிக்கை: ஆறும் வயலும் சேர்ந்த முழு அகலத்தையும் ஒரே ஆறாகக் கணக்கிடலாம்.
உண்மை: போட்டுப் பாருங்கள். 50 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம், ஆயிரத்துக்கு ஒன்று சரிவு, சொரசொரப்பு 0.03 என்றால், கரை தொட ஓடும் ஆற்றில் சுமார் 5,600 கன அடி. தண்ணீர் இன்னும் 10 செ.மீ. ஏறி, இருபுறமும் நூறு நூறு மீட்டர் பரவட்டும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் விடை 2,900! தண்ணீர் ஏற ஏற ஓட்டம் பாதியாகுமா? நனைந்த தரை திடீரெனக் கிட்டத்தட்ட ஐந்து மடங்கானதால் சூத்திரம் ஏமாறுகிறது. ஆற்றைத் தனியாக, வயல்களைத் தனியாக (சொரசொரப்பு 0.1 என) கணக்கிட்டுக் கூட்டினால் 6,000-க்கு மேல் வரும். வயல்களின் பங்கு அதில் நூறு கன அடிக்கும் கீழே.

நம்பிக்கை: அப்படியானால் வயல் நீரால் பயனில்லை, கரையை உயர்த்தி அடைத்துவிடலாம்.
உண்மை: ஓட்டத்தில் சேராத அந்த நீர்தான் வெள்ளத்தின் உச்சத்தைத் தணிக்கிறது. இங்கே வயலில் ஒருநாள் தங்கும் தண்ணீர், அன்று கீழூர்க்காரர் வீட்டுக்குள் நுழையாத தண்ணீர்.