எந்தக் கள்வனோடு புறப்படுவது?

போன வைகாசிக் கருடசேவை ராத்திரி. ஆழ்வார்திருநகரி வீதியில் ஒரு திண்ணையில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தோம். பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு லீவுக்கு வந்திருந்த தங்கை மகள், அத்தனை கூட்டத்திலும் மடியில் தடித்த இங்கிலீஷ் நாவல் ஒன்றை விரித்து வைத்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் படித்துக்கொண்டிருந்தாள். லீ பார்டூகோவின் ‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’.

“பெரியம்மா, மந்திரம், திருட்டு, ராஜா மூணும் சேர்ந்தாப்பில தமிழ்ல ஒரு கதையும் கிடையாதா?” என்று கேட்டாள்.

அப்போதுதான் கருடன்கள் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. நவதிருப்பதிப் பெருமாள்கள் ஒன்பது பேரும் நம்மாழ்வாருக்காக எங்கள் ஊருக்கு வரும் ராத்திரி அது. “ஏட்டி, அந்தா வாராரு பாரு ஸ்ரீவைகுண்டத்துப் பெருமாள். அவரு பேரு தெரியுமா? கள்ளபிரான்” என்றேன். புத்தகம் மூடியது.

ஸ்ரீவைகுண்டம் எங்களுக்கு ரயிலில் அடுத்த ஸ்டேஷன். அங்கே சொல்லும் கதை இது. காலதூஷகன் என்று ஒரு திருடன். திருடப் போகும் முன் பெருமாளைக் கும்பிட்டுப் போவான். கிடைத்ததில் பாதியைக் கோயிலுக்குக் கொடுப்பான். ஒருநாள் அரண்மனையிலேயே கைவைத்தபோது கூட்டாளிகள் பிடிபட்டார்கள். அவன் ஓடிவந்து சன்னதியில் விழுந்தான். பெருமாள் அந்தத் திருடனின் உருவத்திலேயே ராஜா முன் போய் நின்று, தருமத்துக்குச் செலவாகாத பொருளைப் பற்றி ராஜாவுக்கே பாடம் சொன்னாராம். திருடன் பெயர் சாமிக்கு வந்துவிட்டது. மந்திரம், திருட்டு, ராஜா மூன்றும் இந்த ஒரு கதையில் இருக்கின்றன.

அன்றைக்கு அவளிடம் சொன்னதையும், அதன்பின் அவளோடு உட்கார்ந்து படித்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன். பன்னிரண்டிலிருந்து பதினேழு வயதுவரை உள்ள பிள்ளைக்கு இந்த மாதிரிக் கதை வாங்கப் போகிறவர்கள், அட்டைப்படத்தில் வாளும் கிரீடமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டாம். உள்ளே இருக்கும் கள்வன் யார், அவன் யாரிடமிருந்து எதை எடுக்கிறான், அப்போது ராஜா என்ன செய்கிறார் என்று பாருங்கள். பிள்ளைக்கு எந்தக் கள்வனைப் பிடிக்கும் என்று தெரிந்தால் புத்தகம் தானாக அமையும்.

இங்கிலீஷ் சரளமாகப் படிக்கும் பிள்ளை என்றால் மூன்றைச் சொல்வேன். வயது பன்னிரண்டு என்றால் சாரா ப்ரினியாஸ் எழுதிய ‘தி மேஜிக் தீஃப்’ (2008): மந்திரவாதியின் சட்டைப்பையில் கைவிட்டு அவருடைய மந்திரக் கல்லையே எடுத்துவிடுகிற தெருப்பையன் கதை. சின்னச் சின்ன அத்தியாயங்கள், வேகமாக ஓடும். அடுத்தது மேகன் வேலன் டர்னரின் ‘தி தீஃப்’ (1996). நியூபெரி கௌரவம் பெற்ற நாவல். எதையும் திருடிக் காட்டுவேன் என்று பெருமை பேசிச் சிறைக்குப் போன ஜென் என்ற இளைஞனை, ஒரு பழைய தெய்வக் கல்லைத் திருடித் தருவதற்காக ராஜாவின் அறிஞர் வெளியே கூட்டிப்போகிறார். முதல் பாதி நடையும் பசியும் மலைப்பாதையுமாக மெதுவாகப் போகும். பிள்ளை சலித்துக்கொண்டால் விடாமல் படிக்கச் சொல்லுங்கள். கதை சொல்பவனே கள்வன் என்பதால் அவன் நம்மிடமிருந்தும் ஒன்றை ஒளித்து வைத்திருக்கிறான். கடைசியில் அது தெரியும்போது முதல் பக்கத்துக்குத் திரும்ப ஓடத் தோன்றும். இந்த மூன்றில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

‘சிக்ஸ் ஆஃப் க்ரோஸ்’ (2015) பதினைந்து தாண்டியவர்களுக்கு. ஆறு பேர் சேர்ந்து, யாராலும் நுழைய முடியாத பனிக்கோட்டைக்குள் புகுந்து ஒரு ஆளைக் கடத்துவதுதான் கதை. திட்டம் போடும் சாமர்த்தியம் அபாரம். ஆனால் ரத்தமும் அடிமை வியாபாரமும் சின்ன வயதில் பட்ட கொடுமைகளும் நிறைய வருகின்றன. பதிமூன்று வயதுப் பிள்ளை கையில் கொடுப்பதானால் நீங்களும் கூடவே படியுங்கள். இந்த மூன்றுக்கு வெளியே, விக்டோரியா அவேயார்டின் ‘ரெட் குவீன்’ அதே 2015இல் வந்தது. ஜேப்படி செய்யும் பெண் அரண்மனைக்குள் போவாள். காதல் தூக்கல், திருட்டு கொஞ்சம். காதல் கதை கேட்கும் பிள்ளைக்கு அது போதும்.

தமிழுக்கு வருவோம். எல்லார் வாயிலும் முதலில் வருவது ‘பொன்னியின் செல்வன்’. 2022, 2023 படங்களுக்குப் பிறகு ஐந்து பாகத்தையும் கட்டாக வாங்கிப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுக்கிறவர்கள் பெருகிவிட்டார்கள். 1950இல் ‘கல்கி’ பத்திரிகையில் தொடங்கி வாராவாரம் வந்த கதை. ஒவ்வொரு அத்தியாயமும் அடுத்த வாரத்துக்கு இழுக்கும்படியே முடியும். அந்த இழுப்பு இன்றைக்கும் குறையவில்லை. ஆனால் மந்திரம் தேடிப் போகிற பிள்ளை ஏமாந்துபோகும். இதில் ரவிதாசன் மந்திரவாதி என்று சொல்லிக்கொண்டுதான் பழுவூர் அரண்மனைக்குள் வருகிறான். ஆந்தை மாதிரிக் குரல் கொடுக்கிறான். மந்திரமெல்லாம் சதிக்குப் போட்ட போர்வை. கல்கி அந்தப் போர்வையை விலக்கிக் காட்டுகிறார். வந்தியத்தேவன் திருடனும் இல்லை, தூதன். ஆனால் தஞ்சைக் கோட்டைக்குள் பனை இலச்சினையைக் காட்டி நுழைவதும், பொக்கிஷ நிலவறைக்குள் மாட்டிக்கொள்வதும் நல்ல திருட்டுக் கதையின் சுவையைத் தரும்.

பாண்டிய நாட்டுப் பிள்ளைகளிடம் நான் ஒன்றைச் சொல்லிவிட்டே இந்தப் புத்தகத்தைக் கொடுப்பேன். இதில் சதிகாரர்கள் என்று வருகிறவர்கள் தலை வெட்டுப்பட்ட வீரபாண்டியனுக்காகப் பழிவாங்கத் துடிக்கும் நம் பக்கத்து ஆபத்துதவிகள். சோழன் ஜெயிக்க வேண்டும் என்று படித்துக்கொண்டே போகும்போது, கொஞ்சம் நின்று அவர்கள் பக்கமும் யோசித்துப் பார்க்கச் சொல்வேன். எங்கள் ஊருக்கு இன்னொரு ஒட்டும் உண்டு. கதையின் தொடக்கத்திலேயே வீரநாராயணபுரத்து விண்ணகரத்தில் ஆழ்வார்க்கடியான் நம்மாழ்வார் பாசுரம் பாடுகிறான். அதைக் கேட்டு நிற்கும் அர்ச்சகர் மகன் பின்னால் நாதமுனிகள் ஆகிறார். அந்த நாதமுனிகள்தான் எங்கள் ஊருக்கு வந்து, நம்மாழ்வாரிடமிருந்து நாலாயிரத்தையும் பெற்றார் என்பது வைணவ மரபு. நம்மாழ்வார் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் எங்கள் கோயில் புளியமரத்தடியில் வைத்து இந்தப் பகுதியை வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். பிள்ளை நிமிர்ந்து மரத்தைப் பார்த்தது.

ஆனாலும் முதலில் கையில் எடுக்க ‘பார்த்திபன் கனவு’தான் ஏற்றது. ஒரே புத்தகம். நாடிழந்த இளவரசன், நாடு கடத்தல், கடல் கடந்த தீவு, வேஷம் மாறித் திரியும் ஒற்றர்கள், ஒற்றைக் கை மகா கபால பைரவர், நரபலி என்று பதிமூன்று வயதுக்கு வேண்டிய பயமும் மர்மமும் நிறைய உண்டு. ஒரு சிவனடியார் வருவார். அவர் யாரென்று மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டாம். கல்கியின் எழுத்து நாட்டுடைமை ஆனபின் பல பதிப்பகங்கள் மலிவாகப் போடுகின்றன. சுருக்கப் பதிப்பை வாங்காதீர்கள்; எழுத்து பொடியாக, தாள் மக்கலாக இருக்கும் பதிப்பையும் வாங்காதீர்கள். பத்துப் பக்கத்தில் கண் வலித்தால் பிள்ளை கதையைத்தான் குறை சொல்லும்.

சாண்டில்யனில் எங்கள் கரைக்காரர்களுக்கு என்று ஒரு நாவல் இருக்கிறது: ‘ராஜமுத்திரை’. கொற்கை முத்துக்கள் களவு போகின்றன. வீரபாண்டியன் அதன் தடம் பிடித்துப் போகிறான். மந்திரம் இல்லை, வாள்வீச்சும் அரசியல் தந்திரமும் தாராளம். கடல் பிடித்த பிள்ளைக்கு ‘கடல் புறா’வும் இருக்கிறது. அதில் கப்பல் போர்களைப் படித்துவிட்டுத் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போனால் கண் வேறு விதமாகப் பார்க்கும். பெண்களை வருணிப்பதில் சாண்டில்யன் பக்கம் பக்கமாக நின்றுவிடுவார். அதனால் பதினாறுக்கு முன்னால் வேண்டாம் என்பது என் எண்ணம்.

மந்திரமே பிரதானம் என்றால் விக்கிரமாதித்தன் கதைதான். முப்பத்திரண்டு பதுமைகள், தோளில் தொங்கும் வேதாளம், கூடு விட்டுக் கூடு பாய்தல் எல்லாம் அதில் இருக்கின்றன. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’வில் சங்கர் வரைந்த வேதாளப் படத்தோடு வளர்ந்த தலைமுறை என்னுடையது. சிறுவர்க்கான பதிப்பு எது, பெரியவர்க்கான முழுப் பதிப்பு எது என்று பார்த்து வாங்குங்கள். முழுப் பதிப்பில் பிள்ளைகளுக்கு ஆகாத கதைகள் உண்டு.

இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது சிலப்பதிகாரம். பாடப்புத்தகத்தில் வழக்குரை காதையை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு அதற்கு முந்தின கொலைக்களக் காதையை யாரும் காட்டுவதில்லை. அங்கேதான் கள்வர் சாத்திரம் இருக்கிறது. கோவலன் முகத்தைப் பார்த்த காவலர்கள், இவன் திருடன் மாதிரி இல்லையே என்று தயங்குகிறார்கள். சிலம்பைத் திருடிய பொற்கொல்லன் உடனே பாடம் எடுக்கிறான். கள்வருக்குத் துணை எட்டு: மந்திரமும் தெய்வமும் மருந்தும் சகுனமும் அவற்றில் அடக்கம். மந்திரத்தை உச்சரித்தால் தேவர்களைப் போல நம் கண்ணுக்குத் தெரியாமல் போவார்கள். மருந்தால் மயக்கினால் இருந்த இடத்திலிருந்து நம்மால் அசையவே முடியாது என்கிறான். கூட இருந்த காவலன் ஒருவன், தனக்கு நடந்ததைச் சொல்கிறான். மழை பெய்த நடுராத்திரி, நீல உடுப்பும் கையில் கன்னம் வைக்கும் உளியுமாகப் புலிபோல ஒருவன் வந்தான், வாளை உருவினேன், அதையே பறித்துக்கொண்டு போய்விட்டான், இன்றுவரை பிடிபடவில்லை. எந்த நாட்டு மந்திர நாவலில் வைத்தாலும் அந்தக் காட்சி நிற்கும். இந்தக் கதைகள் கேட்கக் கேட்கப் பயம் ஏறி, கடைசியில் கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். இங்கே மந்திரம் எதுவும் நடக்கவில்லை. மந்திரத்தைப் பற்றிய பேச்சுதான் ஒரு நிரபராதியைக் கொன்றது.

அரசியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. பாண்டியன் முத்து கொற்கை முத்து. ஏரலுக்கு அப்பால் போனால் கொற்கை. இன்றைக்குக் கடல் விலகிப்போய் வயல் சூழ்ந்த சின்ன ஊர். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் அங்கே நின்று, உடைந்த சிலம்பிலிருந்து தெறித்த மாணிக்கத்தையும், தெறிக்காத நம் முத்தையும் பற்றிப் பேசினேன். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. மூலப்பாட்டைத் தனியாகப் படிக்க முடியாது, உரையோடு கூடிய பதிப்பு வேண்டும். ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால் நல்லது. வஞ்சின மாலைக்குப் பிறகு கொற்கைச் செழியன் பொற்கொல்லர்களைப் பலிகொடுத்ததைப் பற்றியும் பிள்ளை கேட்கும். மழுப்பாமல் பதில் சொல்லுங்கள்.

கடைசியாக, ஆறு பேர் கூட்டத்தை விரும்பும் என் தங்கை மகள் மாதிரிப் பிள்ளைகளுக்குத் திருமங்கையாழ்வார். குருபரம்பரைக் கதையில் அவர் ஒரு குறுநில மன்னர். குமுதவல்லிக்குக் கொடுத்த வாக்குக்காகத் தினமும் ஆயிரத்தெட்டு அடியார்க்குச் சோறு போட்டுக் கஜானா காலியாகி வழிப்பறியில் இறங்கினவர். கூட நான்கு மந்திரிகள். நீர்மேல் நடப்பான் தண்ணீரில் நடப்பான். நிழலில் மறைவான் நிழலோடு நிழலாகிவிடுவான். தாளூதுவான் ஊதினால் பூட்டுத் திறக்கும். தோலா வழக்கன் எந்த வாதத்திலும் தோற்கமாட்டான். பெயர்களைச் சொல்லச் சொல்ல அவள் தன் புத்தகத்து ஆட்களோடு ஒவ்வொருவராகச் சேர்த்துப் பார்த்தாள். ஒருநாள் மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த பெருமாளையே மறித்து நகைகளை அள்ளிக்கொண்டார்கள். மூட்டை தரையை விட்டு எழும்பவில்லை. என்ன மந்திரம் போட்டாய், சொல் என்று மிரட்டியபோது கிடைத்ததுதான் எட்டெழுத்து. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி நாட்களில் இதை வேடுபறி என்று நடத்துகிறார்கள். பிள்ளையை ஒருமுறை கூட்டிப் போங்கள். அதே குருபரம்பரை, நாகப்பட்டினத்துப் பொன் புத்தரை அவர் எடுத்துவந்து ஸ்ரீரங்கத் திருப்பணிக்கு உருக்கினதாகவும் சொல்கிறது. அதைப் படித்துவிட்டு, “இது சரியா பெரியம்மா?” என்று கேட்டாள். எனக்கும் சரியாகப் படவில்லை என்று சொன்னேன். அன்று மதியம் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

லீவு முடிந்து ஊருக்குப் புறப்பட்டபோது பையில் ஒரு புத்தகம்தான் வைக்க இடம் இருந்தது. ‘பார்த்திபன் கனவு’ எடுத்துப்போ என்றேன். அவள் உரையோடு கூடிய சிலப்பதிகாரத்தை எடுத்து, கொலைக்களக் காதையில் ரயில் டிக்கெட்டை அடையாளம் வைத்துக்கொண்டாள்.