கலிபோர்னியப் பஞ்சாபியர் இல்லங்களில் திருநாள்

கடல் கடந்து குடியேறிய இந்தியரைப் பற்றி எழுதுவோர் அவர்கள் ஈட்டிய பொருளையும் எய்திய பதவியையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அவர்தம் இல்லங்களில் திருநாட்கள் என்னவாயின என்று வினவுவோர் சிலரே. அவ்வினாவை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் வேளாண்மை செய்து வாழ்ந்த பஞ்சாபியர் குடும்பங்களைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

1900ஆம் ஆண்டை ஒட்டி அம்மாநிலத்திற்குச் சென்ற பஞ்சாபியர் பெரும்பாலும் ஆடவரே. அவருள் மிகுதியானோர் சீக்கியர். முஸ்லிம்களும் ஒரு பகுதியினர். இந்துக்கள் மிகச் சிலர். ஆயினும் அந்நாட்டார் அனைவரையும் 'இந்து' என்ற ஒரே பெயரால் அழைத்தனர். தொழுகை தவறாத முஸ்லிமும் அங்கே 'இந்து'தான்! 1913இல் வந்த சட்டம் குடியுரிமை பெறத் தகாதவர் நிலம் வாங்குவதைத் தடுத்தது. 1917இல் வந்த சட்டம் இந்தியர் குடியேறும் வாயிலையே அடைத்தது. 1923இல் உச்ச நீதிமன்றம் இந்தியர் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் எனத் தீர்ப்பளித்தது. ஊரிலிருந்து மனைவியை அழைத்து வரவும் வழியில்லை. ஊருக்குப் போனால் திரும்பி வரவும் உறுதியில்லை. வெள்ளையரோடு மணவுறவு கொள்வதையும் மாநிலச் சட்டம் விலக்கியிருந்தது.

அந்நாளில் மெக்சிக்கோவில் 1910இல் மூண்ட புரட்சியின் அலைக்கழிப்புக்கு ஆளான குடும்பங்கள் எல்லை கடந்து வந்து, இம்பீரியல் பள்ளத்தாக்கின் பருத்தி வயல்களில் கூலி வேலை செய்தன. பஞ்சாபியர் குத்தகைக்கு எடுத்த வயல்களும் அவையே. மணப்பதிவு அலுவலர் இருவரையும் ஒரே நிறத்தவர் என எழுதிக்கொள்ள, திருமணங்கள் நிகழ்ந்தன. இவ்வரலாற்றை விரிவாக ஆய்ந்து 1992இல் நூலாக வெளியிட்ட கேரன் லெனார்டு, கலிபோர்னியாவில் இவ்வாறு பிற இனப் பெண்டிரை மணந்த பஞ்சாபியர் இணைகள் நானூற்றுக்குச் சற்றுக் குறைவு என்றும், அவற்றுள் ஐந்தில் நான்கு பங்கில் மனைவியர் மெக்சிக்க வழியினர் என்றும் கணக்கிட்டுள்ளார்.

இல்லத்தில் சமயம் தாயின் பொறுப்பாயிற்று. பிள்ளைகள் கத்தோலிக்கத் திருச்சபையில் திருமுழுக்குப் பெற்றனர்; முற்பெயர் ஸ்பானியப் பெயராகவும் பிற்பெயர் சிங் அல்லது கான் எனவும் அமைந்தது. கிறிஸ்து பிறப்பும் உயிர்ப்பும் வீட்டின் பெருநாட்களாயின. தந்தையர் மதம் மாறவில்லை. எனினும் விலகி நிற்கவும் இல்லை. திருமுழுக்கின்போது குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்பவர், பெற்றோருக்கும் உறவினராகிவிடுவது மெக்சிக்கர் வழக்கு. அவ்விடத்தில் கணவரின் பஞ்சாபித் தோழர்களே நின்றனர். கோயிற் பதிவேட்டுக்காக ஸ்பானியப் பெயர் ஒன்றையும் ஏற்றனர். உடன்பிறந்தாரைப் பல்லாயிரம் கல் தொலைவில் விட்டு வந்தவர்க்கு இவ்வழக்கு மாமனையும் சித்தப்பனையும் மீட்டுத் தந்தது என்றே நாம் கருதுகின்றோம்.

மறுபுறம், 1912இல் ஸ்டாக்டன் நகரில் நிறுவப்பெற்ற குருத்துவாரா பஞ்சாபியர் அனைவர்க்கும் கூடுமிடமாயிற்று. அதன் விழாக் கூட்டங்களுக்கு முஸ்லிம்களும் வந்தனர். மெக்சிக்க மனைவியரும் மக்களும் உடன்வந்து பொதுப்பந்தியில் உண்டனர். சேக்ரமெண்டோ நகரில் பள்ளிவாசல் எழுந்தது 1947இல்தான் என்பதை நினைந்தால், அதற்கு முன் ஒரு முஸ்லிம் தந்தை தம் மக்களைக் கூட்டத்தோடு கூட்டமாகப் பெருநாள் காணச் செய்வது எத்துணை அரிதாயிருந்திருக்கும் என்பது விளங்கும்.

சமையல் பற்றித் தனியே சொல்லல் வேண்டும். மணமாகாத காலத்துத் தாமே சமைத்துப் பழகியிருந்த ஆடவர், கோழிக் குழம்பையும் ரொட்டியையும் மனைவியர்க்குக் கற்பித்தனர். ரொட்டிக்கும் மெக்சிக்கரின் தோர்த்தீயாவிற்கும் உறவுகாணல் எளிது. காரமோ இருவர்க்கும் பொது. மிளகாய் போர்த்துகீசியர் வழியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம் நாட்டுக்கு வந்தது. மிளகின் பெயரையே அதற்கும் சார்த்தி நாம் வழங்குகின்றோம். ஆகவே பஞ்சாபியின் குழம்பு மெக்சிக்கப் பெண்ணின் கையில் வெந்தபோது, மிளகாய் தன் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பியது எனலாம். யூபா நகரில் பஞ்சாபி முஸ்லிம் ஒருவரும் அவர்தம் மெக்சிக்க மனைவியும் 1954இல் தொடங்கிய உணவகம், ரொட்டிக்குள் பாலாடைக்கட்டியும் இறைச்சியும் பொதிந்த பண்டம் ஒன்றால் பெயர் பெற்று 1993 வரை நடந்தது.

இவையெல்லாம் கண்டு, குறையொன்றும் இல்லாத ஒற்றுமை என்று முடிவுகட்டுதல் பொருந்தாது. பிள்ளைகள் பேசியது ஸ்பானியமும் ஆங்கிலமுமே. பஞ்சாபி அவர்க்கு வசப்படவில்லை. தந்தையர் இறந்தபோது சீக்கியர் எரியூட்டப்பட்டனர். முஸ்லிம்கள் 'இந்து நிலம்' என்று பெயரிடப்பட்ட துண்டு நிலத்தில் அடக்கம் செய்யப்பட்டனர். மனைவியரோ கத்தோலிக்க மெக்சிக்கர் பகுதியில் துயில்கொண்டனர். திருநாளில் ஒரே பந்தியில் உண்டவர்க்கு மண் வெவ்வேறாயிற்று.

1946இல் இந்தியர்க்குக் குடியுரிமை கிடைத்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னர்ப் பஞ்சாபிலிருந்து முழுக் குடும்பங்களே வந்தன. ஸ்டாக்டன் குருத்துவாராவில் முன்னையோர் நாற்காலிகளில் அமர்ந்து வழிபட்டு வந்தனர். ஊரிலிருந்து பின்னர் வந்தோர் மரபு வழாது தரையில் அமரவும் தலையை மூடவும் விரும்பினர், நாற்காலிகள் அகற்றப்பட்டன. வழிபாட்டு ஒழுங்கை மீட்க விழைந்தோரைக் குறைகூற நாம் முன்வரோம். ஆனால் அந்நாற்காலிகளில் தந்தையின் அருகமர்ந்து வளர்ந்த மக்கள், வந்தவர் கண்ணுக்கு இந்தியராகவே தோன்றவில்லை என்பதுதான் நெஞ்சை உறுத்துகின்றது. இந்தியரைச் சட்டம் வெறுத்த காலத்தில், நிலமெல்லாம் அந்நாட்டில் பிறந்த அம்மக்களின் பெயரிலன்றோ எழுதிக் காக்கப்பட்டது!

1974இல் யூபா நகரில் அவ்வழியினர் தமக்கெனக் கிறிஸ்துமஸ் காலத்து நடன விருந்து ஒன்றைத் தொடங்கினர். பின்னாளில் அது பழைய குடும்பங்களின் கூடலாக விரிந்தது. சீக்கியர்க்கும் முஸ்லிம்கட்கும் பிறந்து, கத்தோலிக்கராய் வளர்ந்த அவர்கள், தம்மை யாரென்று கேட்டவர்க்குச் சொல்லிவந்த விடை, 'இந்து' என்பதே.