நோட்ஸை மூடி வை, கண்ணு

ப்ளஸ் டூ ஆங்கிலத்தில் தொண்ணூறுக்கு மேல் வாங்கிய பிள்ளை, கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம் ஒரு லீவு லெட்டர் எழுதத் திணறுகிறது என்றால் அந்தத் தொண்ணூறை யார் வாங்கியது? கைடு போட்டவர்தான் வாங்கியிருக்கிறார். பிள்ளை மூன்று மணி நேரம் உட்கார்ந்து அதை இறக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறது.

தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் முதுகலை ஆங்கில ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது இண்டூரில், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். மாலையில் ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ பிள்ளைகள் சிலர் வருவார்கள். காசு வாங்குவதில்லை. அதனால் கண்டிஷன் போடும் உரிமை எனக்கு உண்டு.

நம் பாடத்திட்டத்தில் சிறப்புத் தமிழ் என்று ஒரு விருப்பப் பாடம் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் இருக்கிறது, ஆனால் அந்தக் குரூப் எல்லாப் பள்ளியிலும் கிடையாது. சி.பி.எஸ்.இ.யில் கோர், எலெக்டிவ் என்று இரண்டு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஏ.பி. இங்கிலீஷ் என்று தனி வகுப்பே நடக்கிறது. எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு உள்ளது எல்லோருக்கும் பொதுவான ஒரே ஆங்கிலப் பாடம், ஒரே புத்தகம். அந்தப் புத்தகத்தைப் படிக்கிற விதத்தில்தான் சாதாரண வகுப்பும் மேல்வகுப்பும் பிரிகின்றன. 2018, 2019இல் வந்த ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ஷேக்ஸ்பியர், டென்னிசன், டால்ஸ்டாய், ஓ ஹென்றி, ஆர்வெல், அறிஞர் அண்ணா 1967இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய பட்டமளிப்பு விழா உரை, கி.ராஜநாராயணன் கதை. எந்த நாட்டு மேல்வகுப்புக்கும் குறையாத சரக்கு. அதை ஒரு மார்க், இரண்டு மார்க், ஐந்து மார்க் என்று கூறு போட்டு விற்றுக்கொண்டிருக்கிறோம்.

என்னிடம் வருகிறவர்களுக்கு முதல் கண்டிஷன், பாடத்தை வகுப்புக்கு முன்னால் ஒரு தடவை கதையாகப் படித்துவிட்டு வரணும். கைடு கூடாது, யூடியூப் விளக்கமும் கூடாது. பாதி புரிந்தால் போதும், புரியாத பாதியோடு வந்தால் பேச விஷயம் இருக்கும். முழுக்கப் புரிந்தது என்று சொல்லும் பிள்ளையைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

புத்தகத்தை வாங்கிப் பார்த்தாலே ஒரு பிள்ளை எப்படிப் படிக்கிறது என்று தெரிந்துவிடும். குஷ்வந்த் சிங்கின் பாட்டி கதை இருக்கிறதே, 'தி போர்ட்ரெய்ட் ஆஃப் எ லேடி', அதன் முதல் பக்கத்தில் ஒவ்வொரு ஆங்கில வார்த்தைக்கு மேலும் பென்சிலால் பொடிப்பொடியாகத் தமிழ் அர்த்தம் எழுதியிருக்கும். அடுத்த தடவை படிக்கும்போது கண் பென்சில் எழுத்தில்தான் ஓடும். ஆங்கிலம் அச்சடித்தபடி கீழே கிடக்கும், யாரும் தொட மாட்டார்கள். அர்த்தம் எழுதிக்கொள்ள வேண்டாம் என்று நான் சொல்வதில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுது, பாடத்துக்கு மேல் எழுதாதே. ஒரு பக்கத்துக்கு ஐந்தாறு வார்த்தைக்கு மேல் பார்க்கவும் பார்க்காதே. மிச்சத்தை முன்னும் பின்னும் படித்து ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். 2020இலிருந்து சட்டக் கல்லூரிக்கான கிளாட் நுழைவுத்தேர்வையே பத்தி பத்தியாகப் படித்து விடை சொல்கிற மாதிரி மாற்றிவிட்டார்கள். அங்கே பென்சில் அர்த்தம் எடுபடாது.

அதே பாட்டி கதையில் இன்னொன்று உண்டு. கிராமத்தில் இருந்தவரை பேரனுக்குப் பாட்டிதான் எல்லாம். பட்டணத்துக்குப் போய் இங்கிலீஷ் பள்ளியில் சேர்ந்ததும் பாட்டியால் அவன் பாடத்தில் உதவ முடியவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் தூரம் விழுகிறது. இந்த இடம் வரும்போது எங்கள் வகுப்பு தானாக அமைதியாகிவிடும். இங்கே வருகிற பிள்ளைகளில் பலருக்கு வீட்டில் ஆங்கிலம் சொல்லித்தர ஆளில்லை. அப்பா பெங்களூரில் கட்டட வேலை, அம்மா காட்டு வேலை. "வீட்ல யாருக்கும் தெரியாது மிஸ்" என்பதை ஒரு குறையாகச் சொல்வார்கள். நான் திருப்பிக் கேட்பேன், "உங்க வீட்ல என்ன பேசுவீங்க?" சிலர் தெலுங்கு என்பார்கள், சிலர் கன்னடம். அள்ளி என்று முடிகிற ஊர்கள் இத்தனை உள்ள மாவட்டத்தில் அது அதிசயமில்லை. வீட்டில் ஒன்று, தெருவில் ஒன்று பேசி வளர்ந்த பிள்ளைக்கு மூன்றாவது மொழி வராது என்றால் நான் நம்ப மாட்டேன். அதற்குப் பேசவும் எழுதவும் இடம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

எழுத்துக்கு வருகிறேன், என் சண்டையெல்லாம் இங்கேதான். முன்பு ஆங்கிலம் முதல் தாள், இரண்டாம் தாள் என்று இரண்டு இருந்தது. 2018-19இல் ஒன்றாக்கினார்கள். இப்போது எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. அந்தத் தொண்ணூறில் ஒரு மார்க் கேள்விகள் 20, இரண்டு மார்க்குக்கு 14, மூன்று மார்க்குக்கு 21, ஐந்து மார்க்குக்கு 35. ஐந்து மார்க் பகுதியில்தான் பேராகிராஃப் வரும். திருத்தும் முகாமில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், ஒரே பேராகிராஃப் கட்டுக் கட்டாக வரும். அதே முதல் வரி, அதே மேற்கோள், கைடில் இருந்த அச்சுப்பிழைகூட அப்படியே. நடுவில் ஒரு வரி மறந்துபோனால் அதற்கப்புறம் வருவதற்கும் முன்னால் உள்ளதற்கும் ஒட்டே இருக்காது. நடுவில் எங்காவது ஒரு பிள்ளை தப்பும் தவறுமாகச் சொந்தமாக எழுதியிருந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்போம். விடைக்குறிப்பில் உள்ள கருத்து இருந்தால் மார்க்கும் கிடைக்கும். கைடில் இருப்பதை எழுதினால்தான் மார்க் என்பது வெளியே யாரோ கிளப்பிவிட்ட பயம்.

அதனால் இரண்டாவது கண்டிஷன், வாயால் சொல்ல முடியாத வாக்கியத்தை நோட்டில் எழுதக் கூடாது. எழுதினால் நிறுத்திக் கேட்பேன், "இதைத் தமிழ்ல சொல்லு கண்ணு." சொல்ல வரவில்லையென்றால் அடித்துவிட்டு, சொல்ல வருகிற அளவுக்குச் சின்னதாக எழுதணும். ஐந்து வார்த்தை போதும். முதல் மாதம் அழுவார்கள். நோட்டு அசிங்கமாக இருக்கும், ஒன்றாம் வகுப்பு நோட்டு மாதிரி. பள்ளியில் டெஸ்ட் மார்க்கும் கொஞ்சம் குறையும். அதைப் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

ப்ளஸ் டூ புத்தகத்தில் ஜார்ஜ் ஆர்வெல் தேநீர் போடுவதைப் பற்றி எழுதிய கட்டுரை இருக்கிறது. 1946 ஜனவரியில் லண்டன் செய்தித்தாளில் வந்தது. உலகப்போர் முடிந்தும் அங்கே டீத்தூளும் சர்க்கரையும் ரேஷனில் இருந்த காலம். மனிதர் பதினொரு விதி போடுகிறார். சர்க்கரை போடக் கூடாது, டீயை ஊற்றிவிட்டு அப்புறம்தான் பால் ஊற்றணும் என்று அடித்துச் சொல்கிறார். நம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இதைச் சொன்னால் கிளாஸைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். அவர் பிறந்தது பீகாரில் மோதிஹாரி என்றால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். இந்தப் பாடத்துக்கு நான் கேள்வி-பதில் எழுதச் சொல்வதில்லை. "உன் வீட்டில் களி எப்படிக் கிண்டுவார்கள், அவர் மாதிரி விதி போட்டு எழுது" என்பேன்.

ஒரு பையன் முதலில் எழுதிக்கொண்டு வந்தது, 'ராகி இஸ் குட் ஃபார் ஹெல்த்.' அடுத்த வரி, 'இட் கிவ்ஸ் அஸ் எனர்ஜி.' இப்படியே அரைப் பக்கம். "இது விளம்பரம்டா. உங்கம்மா அடுப்புக்கிட்ட நின்னு என்ன பண்றாங்க?" என்று கேட்டேன். "மிஸ், அதெல்லாம் எழுதினா சிரிக்க மாட்டாங்களா?" என்றான். டீ போடுவதை எழுதியவரைப் பாடப்புத்தகத்தில் வைத்திருக்கிறார்களே, யாராவது சிரித்தார்களா என்றேன். அடுத்த நாள் வந்ததில் உலை இருந்தது, நொய் வெந்தது, ராகி மாவை மேலே கொட்டி மூடி வைத்தார்கள். மூடியதும் நேராக உருண்டை பிடித்துவிட்டான்.

"நடுவுல கிண்டலையா?"

"கிண்டணும் மிஸ். ஆனா மாவு போட்ட உடனே கிண்டக் கூடாது. கட்டி தட்டிடும்."

"அதைத்தான் எழுதணும்."

உடனே கிண்டினால் கட்டி தட்டும். இதைவிட நல்ல 'இஃப்' வாக்கியம் எந்த இலக்கணப் புத்தகத்திலும் கிடையாது. கண்டிஷனல் கிளாஸ் என்று பெயர் சொல்லி மூன்று வகையைப் போர்டில் எழுதியபோது அவனுக்கு ஏறவில்லை. களியில் ஏறிவிட்டது. மாவு வேகாவிட்டால் என்ன ஆகும், தண்ணீர் தொடாமல் உருட்டினால் என்ன ஆகும் என்று அவனே வரிசையாக எழுதினான். எழுத்துப்பிழை இருந்தது. அதை நான் கடைசியில்தான் தொட்டேன்.

இலக்கணத்தில் நான் அதிக நேரம் போடுவதில்லை. ஒன்றே ஒன்றை மட்டும் விட மாட்டேன், 'மை ஃபாதர் கோ டு ஓசூர்' என்பது. நம் தமிழில் போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வால் மாறுகிறது. இத்தனையையும் மூன்று வயதில் பிசகாமல் பேசிய பிள்ளை, ஆங்கிலத்தின் நிகழ்காலத்தில் அவன், அவள், அது என்பவற்றுக்கு மட்டும் ஒரே ஒரு 'எஸ்' சேர்க்க மறக்கலாமா? இப்படிக் கேட்டால் ரோஷம் வரும். ரோஷம் வந்தால் மறக்காது.

கி.ரா.வின் 'நாற்காலி' ப்ளஸ் டூவில் 'தி சேர்' என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கில வகுப்பில் தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று கேட்பார்கள். இந்தக் கதைக்கு நான் விதியை மாற்றிக்கொள்வேன். தமிழில் முதலில் படி, வாய்விட்டுச் சிரி, அப்புறம் ஆங்கிலத்துக்கு வா. ஆசைப்பட்டுச் செய்த நாற்காலியை ஊரில் யார் செத்தாலும் பிணத்தை உட்கார வைக்கத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்ற கதை தெரிந்த பிறகு, ஆங்கில வாக்கியம் நீளமாக இருந்தாலும் பிள்ளை பயப்படாது. எந்த இடத்தில் சிரிப்பு ஆங்கிலத்தில் குறைந்துபோயிற்று என்றுகூட ஒருத்தி எடுத்துச் சொன்னாள். நான் எம்.ஏ.வில் செய்த வேலை அது.

சத்தம் போட்டுப் படிப்பது தினமும் உண்டு, ஒரு ஆளுக்கு ஒரு பத்தி. உச்சரிப்பைத் திருத்த மாட்டேன், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துகிறார்களா என்று மட்டும் பார்ப்பேன். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தால் வாக்கியம் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

கட்சி எடுத்துப் பேசுவதும் கட்டாயம். கார்டினரின் 'ஆன் தி ரூல் ஆஃப் தி ரோட்' பாடத்தில் ஒரு மூதாட்டி நடுத்தெருவில் நடந்து போவார், கேட்டால் சுதந்திரம் என்பார். ஒகேனக்கல் போகிற வண்டிகள் ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரைக் கடக்கிற வேகத்தைப் பார்த்த பிள்ளைகளுக்கு இதில் சொல்ல நிறைய இருக்கும். சரி, தவறு என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். "நீ சொன்னதுக்கு ஒரு காரணம், பாடத்திலிருந்து ஒரு வரி" என்று மட்டும் கேட்பேன். கதையைச் சுருக்கிச் சொல்வது பதில் ஆகாது என்பது புரியவே பலருக்குக் காலாண்டு வந்துவிடும்.

செல்போனில் ஏ.ஐ. வந்துவிட்டது. தடுக்க முடியாது, நான் தடுக்கவும் இல்லை. நீ எழுதியதைக் காட்டி எங்கே தப்பு என்று கேள், எழுதித் தரச் சொல்லாதே. மீறினால் கண்டுபிடிப்பது சுலபம், எல்லா வாக்கியமும் இஸ்திரி போட்டதுபோல இருக்கும். அப்போதும் பழைய கேள்விதான், தமிழில் சொல்லு கண்ணு.

மெல்லக் கற்போருக்குக் கொடுக்கிற மினிமம் மெட்டீரியலோடு எனக்குப் பகை இல்லை. முப்பத்தைந்து எடுத்தால்தான் ஒரு பெண் பிள்ளை கல்லூரி வாசலை மிதிக்க முடியும், அரசுப் பள்ளியில் படித்ததற்கான மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் உதவித்தொகையும் அப்புறம்தான். தேறுவதற்கு மனப்பாடம் உதவுமென்றால் செய்யட்டும். எழுபது எடுக்கிற பிள்ளையையும் அதே மெட்டீரியலில் உட்கார வைப்பதைத்தான் ஒத்துக்கொள்ள முடியவில்லை.

2017-18இல் ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்கு மூச்சு விட ஒரு வருடம் கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் பொதுத்தேர்வு வருவதற்கு முன்பு பல இடங்களில் ப்ளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு ப்ளஸ் டூ பாடத்தை ஆரம்பித்த காலத்தை நான் பார்த்திருக்கிறேன். அது திரும்பி வரக் கூடாது. பொதுத்தேர்வு இல்லாத அந்த வருடம்தான் நோட்டை அசிங்கமாக்கச் சரியான வருடம். ப்ளஸ் ஒன் ஜூனில் என்னிடம் வருகிற பிள்ளைக்கும் ப்ளஸ் டூ டிசம்பரில் வருகிற பிள்ளைக்கும் நான் செய்ய முடிவது ஒன்றல்ல. டிசம்பரில் வருபவர்களுக்கு ஒரே ஒரு உத்திதான் சொல்லித் தருவேன்.

பொதுத்தேர்வில் பத்து மணிக்குக் கேள்வித்தாள் கொடுத்து, படித்துப் பார்க்கப் பத்து நிமிடம் தருவார்கள். அதில் ஒரு மார்க் கேள்விகளை மேய்ந்துகொண்டிருக்காதே, அவை ஓடிப்போகாது. நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போ. பொதுக்கட்டுரைத் தலைப்பைப் பார், பார்க்காத பத்தி கொடுத்திருந்தால் அதை ஒரு தடவை முழுக்கப் படித்துவிடு. கட்டுரையில் உன் ஊர், உன் வீடு, உன் காடு எங்கே நுழையும் என்று மனசுக்குள் இடம் பிடித்து வை. பத்தேகாலுக்கு எழுதத் தொடங்கி ஒரு மார்க் கேள்விகளை முடிக்கிற நேரத்தில், கட்டுரைக்கு மூன்று வரியாவது தலைக்குள் தயாராகியிருக்கும்.