பெயர் தெரியாத செடிக்கு ஒரு வைவா!



நமது ஹாஸ்டல் வராண்டாவில் சீனியர்கள் விட்டுச் சென்ற ஐந்து தொட்டிகள் இருந்தன. என்ன செடி என்று ஒருவருக்கும் தெரியாது. "பாவம்டா, வாடிடும்" என்று போகிறவர் வருகிறவர் எல்லோரும் தினமும் ஒரு மக் தண்ணீர் ஊற்றினோம். இரண்டே மாதத்தில் மூன்று செடிகள் அழுகிவிட்டன. வாடிச் சாகவில்லை, நம் அன்பில் மூழ்கிச் செத்தன! எனவே, முன்பின் தெரியாத சதைப்பற்றுச் செடி கிடைத்தால் அதனிடம் கேட்க வேண்டிய கேள்விகளைப் பார்ப்போம்.

1. முள் எங்கிருந்து வருகிறது? தண்டின் மேல் சிறு பஞ்சு மெத்தை போன்ற புள்ளிகள் இருந்து, அவற்றிலிருந்து முட்கள் கிளம்பினால் அது கேக்டஸ் குடும்பம். சப்பாத்திக்கள்ளி இவ்வகை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. மெத்தை இல்லாமல் தண்டின் விளிம்பில் முட்கள் ஜோடி ஜோடியாக இருந்து, ஒடித்தால் பால் வந்தால் அது பெரும்பாலும் யூஃபோர்பியா. நம்ம ஊர் சதுரக்கள்ளி இதுதான். திருகுகள்ளிக்கு முள்ளே கிடையாது, பால் மட்டும் உண்டு.

இந்தப் பாலில் விளையாட்டு வேண்டாம்! கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கசக்காமல், ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போக வேண்டும்.

2. இலை எப்படி? அடியிலிருந்தே சுற்றிக் கிளம்பி, ஓரத்தில் பல் இருந்து, உள்ளே வழவழவென்று சோறு இருந்தால் சோற்றுக்கற்றாழை. இலை ஓரத்திலேயே குட்டிச் செடி முளைத்தால் ரணகள்ளி.

3. ஏன் தண்ணீர் குறைவாகப் போதும்? இவற்றில் பல, பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றன. இரவில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமிக்கின்றன. சென்னை மாகாணத்தில் பணிபுரிந்த பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலை காலையில் புளிக்கிறது, பகல் ஏறப் புளிப்பு போய்விடுகிறது என்று எழுதினார். அக்கடிதம் 1815-ல் அச்சாயிற்று. (நாம் கடித்துப் பார்க்க வேண்டாம், அதில் நச்சுப்பொருள் உண்டு.)

பராமரிப்பு: தொட்டியின் அடியில் ஓட்டை கட்டாயம். செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு. தண்ணீர் தேங்கக் கூடாது என்பதை சிவில் நண்பர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை! ஒரு குச்சியை ஆழமாகக் குத்தி எடுங்கள். ஈரமண் ஒட்டினால் ஊற்ற வேண்டாம். காய்ந்து வந்தால், அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றுங்கள்.

இலை சுருங்கி மெலிந்தால் தாகம். மஞ்சளாகி, கொழகொழத்தால் தண்ணீர் அதிகம். தண்டு இடைவெளி விட்டு நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. அடி அழுகினால், நல்ல நுனியை வெட்டி, வெட்டுவாய் காயும்வரை சில நாள் நிழலில் வைத்துப் பிறகு நடலாம்.

மீதியிருந்த சதுரக்கள்ளியும் ரணகள்ளியும் இப்போது நலம். அடுத்த பேட்ச்சிடம் ஒப்படைக்குமுன், செடியின் பெயரையும் "குச்சி வைத்துப் பார்த்து ஊற்றவும்" என்பதையும் தொட்டியிலேயே பெயின்ட்டால் எழுதி வைப்போம். நமக்கு யாரும் எழுதி வைக்காததால்தானே மூன்று செடிகளை இழந்தோம்!